சீறும், கடிக்கும் காக்டெயிலைக் கைக்குப் பழக்குவது: முழுமையான வழிகாட்டி

கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விடுகிறீர்கள். காக்டெயில், அதாவது கொண்டை வைத்த அந்தச் சின்னக் கிளி, பின்பக்கக் கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. கொண்டை தலையோடு படிந்துவிட்டது. உடம்பை முன்னால் சாய்த்து, வாயைத் திறந்து, ஸ்ஸ் என்று பாம்பு போலச் சீறுகிறது. கை இன்னும் நாலு விரற்கடை நகர்கிறது. அலகு ஒருமுறை வெறும் காற்றைக் கொத்துகிறது. அடுத்த கொத்து விரலில். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறீர்கள். இந்த ஐந்தாறு வினாடியில் பறவை ஒரு பாடம் படித்துவிட்டது: சீறினால் கை போகாது, கடித்தால் போகும்.

நாலு நாள் இதே நடந்தால் ஐந்தாம் நாள் அது சீறவே சீறாது, நேராகக் கடிக்கும். "இது முரட்டு பேர்டு, வேற மாத்திக்கலாம்" என்று வீட்டில் பேச்சு வருவது இந்தக் கட்டத்தில்தான். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. முன்னால் சொன்ன நாலு எச்சரிக்கையை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பழக்கும் வேலையின் அடிப்படை இது: கடிக்கு முன் வரும் சின்னச் சைகைக்கே கை நிற்க வேண்டும். பறவை அனுமதிக்கும் தூரம்தான் இன்றைய தூரம்.

"சீறும்போதே கையை எடுத்தால் அதற்குச் செல்லம் கொடுத்ததாகாதா?" என்று கேட்பார்கள். ஆகாது. சின்னச் சைகை செல்லுபடியாகிறது என்று தெரிந்த பறவைக்குப் பெரிய சைகை தேவைப்படாது. சரியாகப் பழக்கினால் சீற்றம் வரையிலும் கூடப் போக வேண்டியதில்லை.

உடம்பு என்ன சொல்கிறது

காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிப் பறவை. காக்கட்டூ என்னும் கொண்டைக் கிளிக் குடும்பத்திலேயே ஆகச் சிறியது. எடை 80 முதல் 110 கிராம், வால் நுனி வரை ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். காட்டில் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்று, எழுந்து பறந்துவிடுவது. கூண்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பறக்க முடியாத இடத்தில்தான் அலகு பேசுகிறது.

கொண்டையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கொண்டை நட்டுக்குத்தலாக நின்று, இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பறவை மெலிந்தது போலத் தெரிந்தால் திடுக்கிட்டிருக்கிறது. அந்த இடத்திலேயே நில்லுங்கள். கொண்டை பாதி எழும்பி, நுனி லேசாகப் பின்னால் வளைந்திருந்தால் நிம்மதி. முழுக்கப் படிந்து, வாய் திறந்து, உடம்பு தாழ்ந்து முன்னால் வந்தால் கடிக்கத் தயார். இதே படிந்த கொண்டை, உடம்பு லேசாக உப்பி, தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தால் சொறியச் சொல்கிறது. கொண்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

நிம்மதிக்கு இன்னும் சில அடையாளங்கள் உண்டு: நீங்கள் இருக்கும்போதே இறகு கோதுவது, ஒற்றைக் காலில் நிற்பது, உடம்பைச் சிலுப்பி வாலை இருபக்கமும் ஆட்டுவது, தூக்கத்துக்கு முன் அலகை நறநறவென்று அரைப்பது. இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அன்றைய பாடம் தேறிவிட்டது என்று எழுந்து போகலாம்.

முதலில் நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நேற்று வரை தோளில் உட்கார்ந்த பறவை இன்று கடித்தால் பழக்கத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் புதிதாக முளைக்கும் குச்சி இறகுகள் தொட்டாலே வலிக்கும். அந்த வாரங்களில் கழுத்தையும் முதுகையும் தொடாமல் விட்டாலே கடி நின்றுவிடும்.

இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம். இரண்டு நாளாகச் சீறிக்கொண்டிருந்த புதுப் பறவை மூன்றாம் நாள் உப்பிக்கொண்டு, கண் செருகி, கை வைத்தாலும் நகராமல் இருக்கிறது. "பழகிடுச்சு" என்று வீடே சந்தோஷப்படும். உண்மையில் அது காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை அழாமல் இருப்பது மாதிரி. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா, எச்சம் நீர்த்துப் பச்சையாகப் போகிறதா, கூண்டின் தரையில் உட்கார்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மருத்துவர். புதுச்சேரி, கடலூர் இரு பக்கத்தாருக்கும் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் போகிற தூரம்தான். மனிதர் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கலக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு, 1 கிராம் துல்லியத்தில் ஒன்று வாங்கி வையுங்கள். பறவை குச்சியில் ஏறப் பழகியதும், வாரம் இரண்டு முறை, காலையில் தீனிக்கு முன் எடை எழுதி வையுங்கள். 95 கிராம் பறவை 85க்கு இறங்கினால் வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் அது நோய்தான். இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கூண்டும் அதை வைக்கிற இடமும்

நீளம் 60, அகலம் 45, உயரம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாத கூண்டு. கம்பி இடைவெளி ஒன்றேகால் முதல் ஒன்றரை சென்டிமீட்டர். அதைவிட அகலமானால் தலை மாட்டும். உட்காரும் குச்சிக்குக் கடையில் தரும் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டுக் கொய்யா அல்லது வேப்பங்கிளை போடுங்கள். ஆட்காட்டி விரல் பருமனும் கட்டைவிரல் பருமனும் கலந்து இருந்தால் கால் நோகாது. அரளி, எருக்கு இரண்டையும் பக்கத்தில் கூடக் கொண்டுவராதீர்கள்.

பயந்த பறவைக்கு இடம் பாதி மருந்து. கூண்டின் ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்து நடு ஹாலில் தொங்கினால் முதுகைக் காக்க முடியாமல் நாள் முழுக்க விறைத்திருக்கும். உயரம் உங்கள் நெஞ்சளவு. தரையில் வைத்தால் எல்லாரும் மேலிருந்து குனிவார்கள், மேலிருந்து வருவது எதுவானாலும் அதற்குப் பருந்துதான். பின்பக்க மூலையை ஒரு துணியால் மூடிவிட்டு ஒளிய இடம் கொடுங்கள். ஒளிய இடம் உள்ள பறவைதான் சீக்கிரம் வெளியே வரும்.

மாடி பால்கனியிலும் சன்னல் கம்பியிலும் தொங்கவிடுவது நம் ஊர்களில் சகஜம். புதுப் பறவைக்கு அது வேண்டாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும் காக்கை இல்லாத தெரு உண்டா? அது கம்பியில் வந்து உட்கார்ந்து ஒருமுறை எட்டிப் பார்த்தால் நீங்கள் ஒரு வாரம் செய்த வேலை போச்சு. இரவில் பூனை வேறு. சமையலறையும் ஆகாது. நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்து அதிகச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், அந்துருண்டை எல்லாம் கூண்டு இருக்கும் அறைக்கு வெளியே. கொசுவுக்குச் சன்னலில் வலை அடிப்பதுதான் ஒரே நல்ல வழி.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியது 30 முதல் 45 நாள் தனி அறையில் இருக்கட்டும். நோய்க்காகச் செய்யும் இந்தத் தனிமை பழக்குவதற்கும் நல்லது.

எந்தப் பறவை, எவ்வளவு நாள்

கைத்தீனியில் வளர்ந்த குஞ்சு கையைக் கண்டால் முன்கம்பிக்கு வரும். அதற்கு இந்த வழிகாட்டி பெரிதாகத் தேவையில்லை. பெற்றோர் ஊட்டி, காலனிக் கூண்டில் இருபது முப்பதோடு வளர்ந்தது வேறு. அதற்கு மனிதக் கை என்றால் ஒரே ஒரு நினைவு: வலை போட்டு, முதுகோடு பிடித்து, அட்டைப் பெட்டிக்குள் திணித்த கை. மூன்று நாலு மாதக் குஞ்சானால் மூன்று முதல் ஆறு வாரத்தில் விரலில் ஏறும். வயது வந்த காலனிப் பறவைக்கு மூன்று மாதமாவது ஆகும், ஆறும் ஆகலாம். 15, 20 வருடம் வாழக்கூடிய பறவைக்கு இது பெரிய காலமில்லை.

ஜோடியாக வாங்கியிருந்தால் ஒன்றுக்கொன்று குரல் கேட்கும்படி இரண்டு கூண்டில் வைத்துத் தனித்தனியே பழக்குங்கள். ஒரே கூண்டில் ஒன்று பதறினால் மற்றதும் பதறும்.

தீனி: தினைதான் உங்கள் காசு

அன்றாடத் தீனி ஒன்றரை மேசைக்கரண்டியிலிருந்து இரண்டு: கம்பு, சாமை, வரகு, கொஞ்சம் கேனரி விதை, நாளுக்கு ஏழெட்டு சூரியகாந்தி விதை. இதோடு முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், பிஞ்சு மக்காச்சோளம். கூண்டுக்குள் ஒரு கணவாய் ஓடு. துறைமுகத்துப் பக்கம் கரையில் ஒதுங்குவதை எடுத்தால் மூன்று நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் அதேதான். வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, டீ, அவகாடோ கூடவே கூடாது.

மேலே சொன்ன கலவையில் தினை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறோம். காக்டெயிலுக்கு உயிரான தின்பண்டம் தினைக்கதிர். அது உங்கள் கையிலிருந்து மட்டும்தான் கிடைக்க வேண்டும். எப்போதும் கூண்டில் கதிர் தொங்கினால் உங்கள் கைக்கு வேலையே இல்லை. மளிகைக் கடைத் தினையரிசி தோல் நீக்கியது, அதில் பறவைக்கு ருசி குறைவு. நாக்கால் உருட்டி உமியைக் கழற்றுவதுதான் அதன் சந்தோஷமே. உமியோடு உள்ள தினை கேட்டு வாங்குங்கள், அல்லது செல்லப்பிராணிக் கடையில் மில்லட் ஸ்ப்ரே என்று விற்கும் முழுக்கதிர். உமித்தினையில் ஒரு பிடி தொட்டியில் விதைத்தால் 80, 90 நாளில் கதிர் வரும். பால் பிடித்த இளங்கதிருக்குக் காக்டெயில் செய்யாத வேலை கிடையாது.

பயிற்சி காலை முதல் தீனிக்கு முன். இரவு தூங்கி எழுந்த பசியே போதும். வெளிச்சம் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தீனியை நிறுத்தி வைக்காதீர்கள். பட்டினி போட்டுப் பழக்குவது என்று சிலர் சொல்வது இந்த எடைப் பறவைக்கு ஒரே நாளில் ஆபத்தாகும்.

படி 1: சும்மா இருப்பது (3 முதல் 7 நாள்)

தண்ணீரும் தீனியும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், மெதுவான கையோடு. கூண்டை நெருங்கும் முன் ஒரே மாதிரி ஒரு சீழ்க்கை அல்லது "வந்துட்டேன்டா" என்று ஒரு சொல். பறவை திடுக்கிடாமல் இருக்க அது காலிங் பெல் மாதிரி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதெல்லாம் இந்த வாரம் இல்லை. முதல் நாள் தின்னாமல் இருப்பது வழக்கம். 24 மணி நேரம் தாண்டியும் ஒரு உமி கூடக் கீழே விழவில்லை, எச்சமும் குறைவு என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 2: தூரம்

கூண்டிலிருந்து ஆறடி தள்ளி நாற்காலி போட்டுப் பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது வேட்டைக்காரன் பார்வை. பத்து நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று, நாளிதழை வாய்விட்டுப் படித்தால் போதும். பறவை நீங்கள் இருக்கும்போதே தின்றால் அல்லது இறகு கோதினால் அடுத்த முறை நாற்காலி அரை அடி முன்னால். கொண்டை நட்டுக்குத்தலாக நின்று ஒரு நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் ஓர் அடி பின்னால். மூன்று முறை தொடர்ந்து அமைதியாக இருந்தால்தான் அடுத்த அரை அடி. இந்தக் கணக்கை மனதில் வைத்தால் மறந்துவிடும், காலண்டர் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே நாட்களில், கூண்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நாலைந்து தினையைத் தீனிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் காலடி கேட்டதும் பறவை கிண்ணத்தின் பக்கம் நகரும். இந்த நகர்வுதான் முதல் வெற்றி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

படி 3: கம்பிக்கு வெளியே கதிர்

ஒரு சாண் நீளக் கதிரின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைக் கம்பி வழியே நீட்டுங்கள். பறவையின் வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள், இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். அது வந்து எடுக்கட்டும். கை வலித்தால் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கதிர் ஆடினால் பயம். இரண்டு நிமிடம் வரவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உள்ளே சொருகிவிட்டுப் போனால் "இவன் போனதும் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும்.

தின்னத் தொடங்கியதும் நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் கதிரைச் சுருக்குங்கள். விரலுக்கு இரண்டு அங்குலத்தில் வைத்துத் தின்றால் அடுத்த படி.

படி 4: திறந்த கதவில் கை

பெரும்பாலான வீடுகளில் வேலை கெட்டுப்போவது இங்கேதான். ஆகவே இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதல் இரண்டு நாள் கதவைத் திறந்து கையை வாசலிலேயே வையுங்கள், உள்ளே வேண்டாம். விரல்களை விரித்து நீட்டினால் அது ஐந்து பாம்பு. மடக்கி, புறங்கை மேலே இருக்கும்படி, குச்சிக்குக் கீழ்மட்டத்தில் வையுங்கள். வளையல், மோதிரம், சிவப்பு நெயில் பாலிஷ் எல்லாம் சில பறவைகளைக் கலைக்கும். பயந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அடுத்து மடக்கிய கையில் கதிர். கை ஒரு விரற்கடை உள்ளே, பறவை தின்னும் வரை அங்கேயே. கொண்டை எழுந்தால் நிறுத்துங்கள். மூன்று எண்ணுவதற்குள் கொண்டை இறங்கினால் கை அங்கேயே இருக்கலாம். இறங்காமல், உடம்பு பின்னால் சாய்ந்தால் கையை அதே நிதானத்தில் வெளியே எடுங்கள். எடுக்கிற வேகம்தான் எல்லாமே. உள்ளே விட்ட வேகத்தில்தான் வெளியே வர வேண்டும்.

கடைசியில் உள்ளங்கையில் தினையைப் பரப்பி நீட்டும் நாள் வரும். பறவை கழுத்தை நீட்டி, காலைக் குச்சியிலேயே வைத்துக்கொண்டு, ஒரு தினையை எடுத்து ஓடும். பிறகு இரண்டு. பிறகு ஒரு காலை உங்கள் விரலில் வைத்து, உடனே எடுத்துக்கொள்ளும். அந்த ஒற்றைக் கால் நாளில் பேராசைப்பட்டு விரலைத் தூக்கியவர்கள் இரண்டு வாரம் பின்னால் போனார்கள் என்பது பழக்குபவர்கள் எல்லாரும் சொல்லும் கதை.

படி 5: குச்சி விளையாட்டு

கடிக்கும் பறவைக்கு இது மிக நல்ல வழி, ஏனென்றால் உங்கள் விரல் பக்கத்திலேயே போவதில்லை. ஐஸ் குச்சி ஒன்று எடுங்கள். கம்பி வழியே நுனியைக் காட்டுங்கள். ஆர்வத்தில் அலகால் தொடும். தொட்ட கணம் "சரி" என்று ஒரே சொல், உடனே ஒரு தினை. சொல்லுக்கும் தினைக்கும் நடுவே இரண்டு வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஐந்திலிருந்து எட்டு முறை, மூன்று நிமிடம், போதும். இன்னும் ஆசையாக இருக்கும்போதே நிறுத்துவதுதான் சூட்சுமம்.

மூன்று நாலு நாளில் குச்சி போகும் பக்கம் பறவை போகும். இப்போது குச்சியைக் காட்டியே கூண்டுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பிறகு கதவுக்கு, பிறகு கதவுக்கு வெளியே கட்டிய கிளைக்கு அழைக்கலாம். பிடித்து வெளியே எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கதவைத் திறந்து வைத்தால் அதுவாக வரும், அதுவாக உள்ளே போகும்.

படி 6: விரலில் ஏறுவது

அறையில் முதலில் மின்விசிறியை நிறுத்தி ரெகுலேட்டர் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். பழக்கதோஷத்தில் உள்ளே வரும் யாராவது போட்டுவிடுவார்கள். சன்னல் மூடித் திரை, கண்ணாடிக்குத் துணி, தண்ணீர் வாளிக்கு மூடி.

பறவை கிளையில் இருக்கும்போது ஓர் அடி நீள மரக்குச்சியை வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே கிடைமட்டமாக நீட்டி, பின்னால் தினையைக் காட்டுங்கள். தினையை எட்ட வேண்டுமானால் குச்சியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியதும் "சரி", தினை, திரும்பக் கிளை. நாள்தோறும் உங்கள் பிடி குச்சியில் அரை அங்குலம் முன்னே வரட்டும். கடைசியில் குச்சியோடு ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிடக்கும். பிறகு விரல் மட்டும். வயிற்றில் விரலால் அழுத்தி ஏறவைப்பது பழகிய பறவைக்குச் சரி. கடிக்கும் பறவைக்கு அது தள்ளுதல்தான்.

இங்கே ஒரு விஷயம். ஏறும் முன் காக்டெயில் அலகை விரலில் வைத்துப் பார்க்கும். புதுக் கிளையில் கால் வைக்கும் முன் அது தாங்குமா என்று பார்ப்பது போல. ஈரமான நாக்கு படும், லேசான அழுத்தம் தெரியும். அது கடி இல்லை. அந்த நொடியில் விரலை இழுத்தால், "இந்தக் கிளை உடையும்" என்று பறவை முடிவு கட்டிவிடும். பயமாக இருந்தால் முழுக்கைச் சட்டையின் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். தடிக் கையுறை வேண்டாம். அதில் உங்களுக்கும் பறவையின் கால் எடை தெரியாது, அதற்கும் அது புதிய பூதம்.

கடித்துவிட்டது. இப்போது?

கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள். ஊதுவது, அலகில் சுண்டுவது, கையை ஆட்டி நிலைகுலையச் செய்வது எல்லாம் இணையத்தில் சுற்றும் வைத்தியங்கள். மூன்றும் கையைப் பற்றிய பயத்தை இரட்டிப்பாக்கும். முகம் மாறாமல், பக்கத்துக் கிளையில் மெதுவாக இறக்கிவிட்டுப் பதினைந்து இருபது வினாடி திரும்பி நில்லுங்கள். பிறகு தெரிந்த ஒரு சுலபமான வேலை, குச்சியைத் தொடுவது மாதிரி, ஒன்று செய்யச் சொல்லித் தினை கொடுத்து முடியுங்கள். அடுத்த நாள் ஒரு படி பின்னால். காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆழமானால் மருத்துவர்.

கடி எங்கே, யாரை, எப்போது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கூண்டுக்குள் கடித்து வெளியே சாதுவாக இருந்தால் அது தன் வீட்டைக் காக்கிறது. கிண்ணத்தை அது வெளியே இருக்கும்போது மாற்றுங்கள். தோளில் உட்காரும், கையைக் கண்டால் மட்டும் கடிக்கும் என்றால் யாரோ பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். படி 4க்குத் திரும்புங்கள். தோளையும் நிறுத்துங்கள், விரலில் இறங்கப் பழகும் வரை தோள் கிடையாது. கண், காது, கம்மல் எல்லாம் அலகுக்கு எட்டும் இடம் அது. அம்மாவிடம் கொஞ்சி அப்பாவைக் கடித்தால், இரண்டு வாரம் தினை அப்பா கையில் மட்டும்.

ஒரு வயதை ஒட்டி வரும் கடி பருவத்தால். பெட்டி, பானை, சோபாவுக்குக் கீழ் இருட்டு மூலை என்று கூடு மாதிரி எதைப் பார்த்தாலும் அதைக் காக்கத் தொடங்கும். ஆண் சிறகை லேசாகத் தூக்கி இடைவிடாமல் சீழ்க்கையடிக்கும். பெண் உட்கார்ந்து வாலைத் தூக்கும். கூட்டுப் பானையை எடுத்துவிடுங்கள், முதுகையும் வாலடியையும் தடவாதீர்கள், சொறிவது தலையோடு நிற்கட்டும். தினம் 11, 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். ஹாலில் பதினோரு மணி வரை டிவி ஓடும் வீட்டில் இந்தக் கடி நிற்காது.

துண்டால் மூடிப் பிடித்துப் "பயத்தைத் தெளியவைப்பது" என்று ஒரு முறை உண்டு. பறவை அடங்கிப்போகும், உண்மை. அது பழக்கம் இல்லை, கைவிட்டுவிட்ட நிலை. மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ தவிர துண்டை எடுக்காதீர்கள்.

சிறகு வெட்டலாமா? வெட்டினால் வாரங்கள் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் தப்பிக்கும் கடைசி வழியும் போன பறவை இன்னும் அதிகம் கடிக்கலாம். கனமாக வெட்டினால் கல்லாய் விழுந்து நெஞ்செலும்பு அடிபடும். மூடிய அறை இருக்கிற வீட்டில் வெட்டத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. கடைக்காரர் ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டித் தந்திருந்தால் சுழன்று விழும். அடுத்த இறகு உதிர்வு வரை குச்சிகளைத் தாழ்வாக வைத்து, தரையில் துணி விரியுங்கள்.

புதுச்சேரி, கடலூர்க் கரையின் பருவங்கள்

மே மாதத்தில் கடற்காற்று தாமதிக்கும் மதியங்களில் பறவை சிறகை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, வாய் திறந்து மூச்சு வாங்கும். அப்போது பயிற்சி இல்லை. அகலமான மண் தட்டில் ஒரு அங்குலத் தண்ணீர் வைத்தால் தானே குளிக்கும். அடைமழையில், ஐப்பசி கார்த்திகையில், தீனி நமத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முகர்ந்தால் மண்வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

காக்டெயிலிடம் அதிகம் காணும் ஒரு தொல்லை உண்டு, இரவுப் பதற்றம். நடுராத்திரி மின்சாரம் போய் வரும், பல்லி ஓடும், புயல் காற்றில் சன்னல் அடிக்கும். முழு இருட்டில் எழுந்து கூண்டு முழுக்க மோதி அடித்துக்கொள்ளும். லூட்டினோ என்கிற மஞ்சள் வகையில் இது அதிகம். இன்வெர்ட்டரில் இணைத்த சின்ன ஜீரோ வாட் விளக்கு ஒன்று இரவு முழுக்க எரிந்தால் பெருமளவு நின்றுவிடும். பதறும்போது கையை உள்ளே விடாதீர்கள். விளக்கைப் போட்டுத் தள்ளி நின்று பேசுங்கள். விடிந்ததும் உள்ளே இரத்தம் ஓடும் இளங்குச்சி இறகு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் வந்தால் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) வைத்துச் சுத்தமான பஞ்சால் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். அந்த உடம்பில் மொத்த இரத்தமே 10 மில்லி அளவுதான், நிற்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணி போர்த்தி, விசிறி சத்தமோ வானொலியோ ஓடவிடுங்கள். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகும் தெருக்களில் மேளத்துக்கும் வெடிக்கும் இதே ஏற்பாடு. அந்த நாட்களில் புதிய படி எதுவும் வேண்டாம். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும், பறவை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், நேரே விரலை நீட்டாதீர்கள். கம்பிக்கு வெளியே கதிரிலிருந்து தொடங்கினால் மூன்று நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.